தனியா தங்கிப் படிக்கிறவங்களோட சமையலும் வெளிச்சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை விட்டு வந்து முதல் தடவையா தானே பொங்கித் தின்னப் போற பசங்களும் பொண்ணுங்களும் என்கிட்ட கேட்ட கேள்விங்கதான் இது மொத்தமும். ஒரே கேள்விக்கு திரும்பத் திரும்ப வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வறண்டு போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் செஃப் கிடையாது, டயட்டீஷியனும் கிடையாது. நாலு பேரு, ஒரு ஸ்டவ், ஒரு ஃப்ரிட்ஜ்னு வருஷக்கணக்கா ஓட்டின ஆளு, அவ்ளோதான் தகுதி.

சமைக்கவே தெரியாது, சுடுதண்ணி கூட வெச்சதில்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முட்டையிலேர்ந்து. தண்ணிய கொதிக்க விட்டு முட்டைய மெதுவா கரண்டியில இறக்குங்க, 6-7 நிமிஷத்துல எடுத்தா மஞ்சக்கரு கொழகொழன்னு இருக்கும், 10-12 நிமிஷம் விட்டா கெட்டியாயிடும். உடனே பச்சத்தண்ணியில போட்டுடுங்க, இல்லன்னா உள்ள இருக்குற சூட்டுலயே வெந்துக்கிட்டே இருக்கும். இது வந்துடுச்சுன்னா அடுத்த வாரம் சோறு, அதுக்கடுத்த வாரம் பருப்பு, அப்புறம் ஏதாவது ஒரு காய் வதக்கல். ஒரு மாசத்துல நாலு ஐட்டம் கையில இருக்கும், அது போதும், அத மாத்தி மாத்தி கலந்தே ஒரு செமஸ்டர் ஓட்டலாம்.

ஆனா ஒண்ணு, பசியோட உக்காந்து கத்துக்காதீங்க. கிளாஸ் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு வயிறு கத்தும்போது பதினஞ்சு சாமான் போடுற வீடியோவ பாத்து ஆரம்பிச்சா தீய ஃபுல்லா வெப்பீங்க, அடி கருகும், கடைசியில ஆர்டர் போட்டு சாப்பிட்டுட்டு 'எனக்கு சமையல் வராது'ன்னு முடிவு கட்டிடுவீங்க. அப்படி முடிவு கட்டின எட்டு பத்து பேரையாவது எனக்குத் தெரியும், அதுல ஒரு ஆளு நான். லீவு நாள்ல, சாப்பிட்டு முடிச்சு தெம்பா இருக்கும்போது ட்ரை பண்ணுங்க.

என்னென்ன பாத்திரம் வாங்கணும்?

அடி கனமான ஒரு பாத்திரம் மூடியோட, ஒரு வாணலி, ஒரு நல்ல கத்தி, ஒரு கட்டிங் போர்டு, ரெண்டு கரண்டி, மூடி இறுகுற டப்பா மூணு நாலு. செட்டா விக்கிறத வாங்காதீங்க, பாதி சும்மா கெடக்கும்.

பருப்பு, பீன்ஸ் எல்லாம் அடிக்கடி வேக வெப்பீங்கன்னா குக்கர் வாங்கிடுங்க. திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரி செல்சியஸ தாண்டாது, குக்கர்குள்ள அழுத்தம் ஏறுறதால 120 டிகிரி கிட்ட போகும், அதனாலதான் முக்கால் மணி நேர வேலை கால் மணியில முடியுது. 1679லயே டெனி பாப்பன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதுக்கு முன்னோடிய செஞ்சு காட்டிட்டாரு, சேஃப்டி வால்வும் அவரோட ஐடியாதான். ஒவ்வொரு தடவையும் மூடி ஓட்டைய வெளிச்சத்துல பிடிச்சு அடைப்பு இருக்கான்னு பாத்துட்டு மூடுங்க, அழுத்தம் இறங்குறதுக்கு முன்னாடி மூடிய திருகி இழுக்காதீங்க. நான்ஸ்டிக் வாணலின்னா வெறுமனே அடுப்புல வெச்சுட்டு போன் பேசப் போயிடாதீங்க, 260 டிகிரிக்கு மேல போனா அந்த கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும். கத்தி மொட்டையா இருந்தாதான் கை வெட்டும், அழுத்தி அழுத்தி வெட்டும்போது வழுக்கும், கூர்மையா வெச்சுக்கோங்க.

சோறு ஒண்ணு குழையுது, இல்லன்னா அடி பிடிக்குது. என்ன பண்றது?

அளவு. எந்த டம்ளர்ல அரிசி அளந்தீங்களோ அதே டம்ளர்ல தண்ணிய அளங்க. 1 டம்ளர் அரிசிக்கு ஒன்றரைலேர்ந்து 2 டம்ளர்ல ஆரம்பிங்க, அரிசிக்கு அரிசி மாறும், சிலது அதுக்கு மேலயும் கேக்கும், எது சரியா வந்துச்சோ அத பாக்கெட் மேல பேனாவால எழுதி வெச்சுடுங்க. கொதி வந்ததும் தீய நல்லா கம்மி பண்ணி மூடி போடுங்க, நடுவுல திறந்து கிண்டாதீங்க, தண்ணி வத்தினதும் ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் மூடினபடியே விடுங்க. அந்தப் பத்து நிமிஷத்த முக்காவாசி பேரு விட்டுடுறாங்க, மேல காஞ்சும் அடியில சொதசொதன்னும் இருக்குறதுக்கு அதுதான் காரணம்.

நைட் மிஞ்சின சோத்த காலையில சூடு பண்ணி சாப்பிடலாமா? நல்லா சூடு பண்ணிட்டா போதும்தானே?

போதாது. இத கொஞ்சம் நிதானமா படிங்க.

அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும், அதோட வித்துங்க கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சோறு வெந்து ரூம் சூட்டுல மணிக்கணக்கா கெடந்தா அது முளைச்சுப் பெருகி ஒரு நஞ்ச உண்டு பண்ணும், அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது, காலையில நீங்க எவ்ளோதான் ஆவி பறக்க சூடு பண்ணினாலும் பாக்டீரியா வேணா சாகும், நஞ்சு அப்படியேதான் இருக்கும். சாப்பிட்டு அரை மணியிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி. என் ரூம்மேட் ஒருத்தன் பரிட்சை அன்னிக்கு காலையில ராத்திரி முழுக்க அடுப்பு மேல கெடந்த சோத்த சுடச்சுட வறுத்து தின்னுட்டுப் போனான். வாசனையும் நல்லாத்தான் இருந்துச்சு, ருசியும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவனே சொன்னான், பாதி பரிட்சையில எழுந்து ஓடினான். கெட்டுப் போனா நாத்தம் வரும்னு நம்பாதீங்க.

அதனால சாப்பிட்டு முடிச்சதும் மிச்சத்த அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, ரூம் 32 டிகிரிக்கு மேல கொதிச்சுக்கிட்டு இருக்குன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி கிட்ட இருக்கணும். ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்ல தீத்துடுங்க, எவ்ளோ வேணுமோ அத மட்டும் எடுத்து ஒரே தடவை சூடு பண்ணுங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்னா மிச்சமே வராத அளவு வைங்க, வேற வழி இல்ல.

ஞாயித்துக்கிழமையே வாரம் முழுக்க சமைச்சு வெச்சுடலாம்னு சொல்றாங்களே, நடக்குமா?

நான் பண்ணிப் பாத்தேன். ஒரே குழம்ப ஏழு டப்பாவுல அடைச்சு வெச்சேன், புதன்கிழமை அந்த டப்பாவ பாத்தாலே கோவம் வந்துச்சு, வியாழக்கிழமை கடைக்கு ஓடிட்டேன், மிச்சம் குப்பைக்குப் போச்சு.

முழுசா சமைக்காதீங்க, பாதி சமைங்க. ஒரு பெரிய வாணலி நெறைய வெங்காயம் தக்காளி பூண்டு வதக்கி வைங்க, கொஞ்சம் பருப்பு வேக வைங்க, நாலஞ்சு உருளைக்கிழங்கும் முட்டையும் வேக வைங்க. அந்த வதக்கல்ல ரெண்டு கரண்டி எடுத்து பருப்புல போட்டா ஒரு சாப்பாடு, முட்டைய உடைச்சு ஊத்தினா இன்னொண்ணு, உருளைய மசிச்சுப் போட்டு பிரெட்டுக்கு நடுவுல வெச்சா மூணாவது, பாஸ்தாவுல கலந்தா நாலாவது. களைச்சுப் போய் வர்ற ராத்திரியில பத்து நிமிஷ வேலைதான் பாக்கி இருக்கும், அந்தப் பத்து நிமிஷம் ஆர்டர் பண்ணிட்டு காத்துக்கிட்டு இருக்குறத விட கம்மி, அதனால தானா சமைப்பீங்க.

சமைச்சது ஃப்ரிட்ஜ்ல 3-4 நாள் தாங்கும், சோறு மட்டும் மேல சொன்ன கணக்கு. அதுக்கு மேல வேணும்னா ஃப்ரீசர், மைனஸ் 18 டிகிரி. ஃப்ரீசர் கிருமிய கொல்லும்னு நெனைக்காதீங்க, தூங்க வைக்கும் அவ்ளோதான், அதனால ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தத மேடை மேல விட்டுட்டு காலேஜ் போயிடாம முந்தின நாளே கீழ ஃப்ரிட்ஜ் தட்டுல இறக்கி வைங்க. தேதி எழுதி ஒட்டுங்க, எழுதலன்னா ரெண்டு மாசம் கழிச்சு அது என்ன வஸ்துன்னு யாருக்கும் தெரியாது.

சிவப்பு கிட்னி பீன்ஸ ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு கிளாஸ் போகலாமா?

நேரா போடக்கூடாது. பச்சையா, இல்லன்னா அரைவேக்காட்டுல இருந்தா அதுல ஒரு லெக்டின் நஞ்சு இருக்கு, நாலஞ்சு பீன்ஸ் தின்னாலே வயிறு புரட்டி எடுத்துடும். ஸ்லோ குக்கர் சூடு அத அழிக்கப் பத்தாது. அஞ்சு மணி நேரமாவது ஊற வெச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணியில தளதளன்னு அரை மணி கொதிக்க விட்டுட்டு அப்புறம் எந்தக் குக்கர்ல வேணா போடுங்க. டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, அதுக்கு இந்தப் பயம் வேணாம்.

காய்கறி வாங்கினா பாதி அழுகிடுது.

ஆசைக்கு வாங்குறீங்க, அதான். கீரை, காளான் மாதிரி சீக்கிரம் வாடுறத முதல் ரெண்டு நாள்ல முடிங்க, முட்டைகோஸ், கேரட் எல்லாம் வாரக் கடைசி வரைக்கும் தாங்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம் ரெண்டையும் இருட்டா காத்தோட்டமா தனித்தனியா வைங்க, ஒரே கூடையில போட்டா உருளை சீக்கிரம் முளைவிடும். உருளை பச்சையா மாறி இருந்தா வெளிச்சம் பட்டிருக்குன்னு அர்த்தம், கூடவே சோலனைன்னு ஒரு கசப்பு நஞ்சும் ஏறியிருக்கும், கொஞ்சம்னா ஆழமா செதுக்கிடுங்க, முழுசும் பச்சைன்னா தூக்கிப் போடுங்க.

ஃப்ரோசன் பட்டாணி, பீன்ஸ், சோளத்த எல்லாம் கேவலமா பாக்காதீங்க. பறிச்ச கொஞ்ச நேரத்துல சூடு காட்டி உறைய வெச்சிடுறாங்க, அதனால ஒரு வாரம் உங்க ஃப்ரிட்ஜ்ல வதங்கிக் கெடக்குற 'ஃப்ரெஷ்' காய விட சத்துல ஒண்ணும் கொறைஞ்சு போகாது. பிரெட்டையும் ஃப்ரீசர்ல வைங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சா வெளிய இருக்குறத விட சீக்கிரமா வறண்டு போகும், ஸ்டார்ச் இறுகுறதுக்கு அந்தக் குளிர்தான் தோதான சூடு.

ப்ரோட்டீன் பவுடர் வாங்கணுமா? ஹாஸ்டல்ல எல்லாரும் வாங்குறாங்க.

சாதாரணமா நடமாடுற ஆளுக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.8 கிராம்னு சொல்றாங்க, 60 கிலோன்னா 48 கிராம். ஒரு முட்டையில 6 கிராம் கிட்ட, ஒரு கப் வெந்த பருப்புல 18 கிராம் கிட்ட இருக்கு, அப்புறம் தயிர், பால், சோறு, பிரெட்ல இருக்குறதுன்னு கூட்டுங்க, தானா வந்துடும். புரதம்ங்கிறது அமினோ அமிலம்னு சின்னச் சின்ன துண்டுங்க சேந்தது, அதுல அரிசி கோதுமையில லைசின்ங்கிறது கம்மி, பருப்புல மெத்தியோனின்ங்கிறது கம்மி, ரெண்டும் ஒரே நாள்ல உள்ள போனா ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டிக்கும். ஜிம்முல வெயிட் தூக்குறவங்க கணக்கு வேற. மத்தவங்க அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க.

இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்?

1958ல ஜப்பான்ல மோமோஃபுகு ஆண்டோ இத கண்டுபிடிச்சப்போ ஸ்டூடன்ட்ஸுக்குன்னு நெனைச்சிருப்பாரான்னு தெரியல, ஆனா நம்ம பேருக்குத்தான் பட்டா ஆயிடுச்சு. சிக்கல் உப்புலதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சில பாக்கெட்டு ஒண்ணே அதுல பெரும் பங்க தின்னுடும், பின்னாடி அச்சடிச்சிருக்கும், படிங்க. மசாலாவ பாதி போடுங்க, ஒரு முட்டையும் ஒரு கை ஃப்ரோசன் காயும் சேருங்க, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னா யாரும் ஒண்ணும் ஆயிட மாட்டாங்க. எம்எஸ்ஜி, அதாவது அஜினோமோட்டோன்னு விக்கிற சுவை உப்பு, அது பத்தின பயத்தையும் கேக்குறாங்க: அது 1908ல கிகுனே இகேடா கடற்பாசி சூப்புலேர்ந்து பிரிச்செடுத்த சுவை, தக்காளியிலயும் பழைய சீஸ்லயும் இயற்கையாவே இருக்குறதுதான், சமையல்ல போடுற அளவுக்கு பயப்பட ஒண்ணுமில்ல.

சிக்கன நல்லா கழுவிட்டுத்தானே சமைக்கணும்?

கழுவாதீங்க. குழாய்த்தண்ணி பட்டு தெறிக்கிற துளியில கிருமி சிங்க், தட்டு, பக்கத்துல வெட்டி வெச்ச தக்காளின்னு எல்லா இடத்துலயும் ஏறும். உள்ள 74 டிகிரி வந்தா செத்துடும், சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கலாம், இல்லன்னா தடிமனான துண்ட பிளந்து பாருங்க, ரோஸ் நிறம் இருந்தா இன்னும் வேகட்டும். அந்த போர்டுலயே சாலட் வெட்டாதீங்க.

எல்லாம் போட்டுத்தான் செய்றேன், ஆனா ருசியே இல்ல. ஏன்?

மூணு காரணத்துல ஒண்ணு. உப்பு பத்தல. புளிப்பு இல்ல, இறக்கினப்புறம் அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க, வேற சாப்பாடு மாதிரி ஆயிடும். மூணாவதுதான் பெரிசு, வெங்காயத்த வதக்கல, வேக வெச்சிருக்கீங்க. ரெசிபியில '5 நிமிஷம் பொன்னிறமா'ன்னு போட்டிருப்பாங்க, அது பொய்ங்க, மிதமான தீயில 15-20 நிமிஷம் ஆகும். அந்த பிரவுன் நிறமும் வாசனையும் வர்றதுல பெரும் பங்கு மாயார் வினையோடது, லூயி காமில் மாயார்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் 1912ல எழுதினது. அதுக்கு 140 டிகிரி கிட்ட சூடு வேணும், ஈரம் இருக்குற வரைக்கும் 100ஐ தாண்டாது, அதனால வாணலிய முட்ட முட்ட நிரப்பாதீங்க, காயோ கறியோ ஈரத்த துடைச்சுட்டு ரெண்டு ஈடா போடுங்க.

வெளிய சாப்பிட்டா காசு கரையுது, சுத்தமா நிறுத்திடவா?

நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேணாம். என் செலவ ஒரு மாசம் நோட்ல எழுதிப் பாத்தேன், ஃப்ரெண்ட்ஸோட பிளான் பண்ணிப் போன சாப்பாட்டுக்கு ஆனது கம்மிதான், 'இன்னிக்கு முடியல'ன்னு தனியா உக்காந்து போன்ல தட்டினதுக்கு ஆனதுதான் ஜாஸ்தி, அதுல பாதி என்ன சாப்பிட்டேன்னு கூட ஞாபகம் இல்ல. அதாவது கடை இல்ல பிரச்சினை, பசி முத்தினப்புறம் முடிவெடுக்குறதுதான்.

டைம்டேபிள பாருங்க. லேப் இழுக்குற நாள், சாயங்காலம் வேலைக்குப் போற நாள், அதெல்லாம் சமைக்க மாட்டீங்கன்னு இப்பவே தெரியும், அந்த ரெண்டு நாள வெளிச்சாப்பாட்டு நாளுன்னு முன்னாடியே குறிச்சுடுங்க, குற்ற உணர்ச்சி இல்லாம போயிட்டு வாங்க. கேன்டீன் இருந்தா மதியத்துக்கு அத விடாதீங்க. வெளிய போனா ரூம்ல செய்ய முடியாதத சாப்பிடுங்க, ஓவன்ல சுட்டது, நெறைய எண்ணெயில பொரிச்சது, ராத்திரி முழுக்க வேகுற கறி. அம்பது பேருக்கு மொத்தமா செய்றதால சிலது கடையில வாங்கினாத்தான் சீப், பொரிக்கிறதுக்குன்னு ஒரு லிட்டர் எண்ணெய் காய வெச்சு அப்புறம் என்ன பண்றதுன்னு முழிக்கிறதுக்கு வாங்கிடலாம். நடந்து போற தூரம்னா நடந்து போய் வாங்குங்க, ஆப்ல டெலிவரி சார்ஜ் போக பல கடையில ஐட்டம் விலையே கூடப் போட்டிருப்பாங்க, ரெண்டையும் வெச்சுப் பாருங்க. கூல்ட்ரிங்க்ஸ எடுத்துட்டு தண்ணி குடிச்சாலே பில்லு கண்ணுக்குத் தெரியிற அளவு இறங்கும்.

புது ஏரியா, எந்தக் கடை நல்லாருக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்டார் ரேட்டிங்க விட யாரு சாப்பிடுறாங்கன்னு பாருங்க. பக்கத்துல வேலை பாக்குறவங்க தினமும் வந்து போற கடைன்னா சாப்பாடு தங்காது, செஞ்சது செஞ்சபடி தீந்துடும். மெனு நாலு பக்கம் நீண்டா யோசிங்க, சின்ன அடுப்படியில அத்தனையும் புதுசா இருக்க வாய்ப்பில்ல. சூடா இருக்க வேண்டியது ஆவி வர சூடா இருக்கணும், 60 டிகிரிக்குக் கீழ வெதுவெதுன்னு மணிக்கணக்கா கெடக்குற ட்ரேதான் ஆபத்து, அதனால பஃபே மாதிரி இருந்தா ஆரம்பத்துல போங்க, கடைசி ஈட்டுக்குப் போகாதீங்க. கை கழுவுற இடத்தையும் சாஸ் பாட்டில் வாயையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க, கண்ணுக்குத் தெரியிற இடமே அப்படின்னா உள்ள எப்படியோ.

வேர்க்கடலை, இறால், பால்னு ஏதாவது அலர்ஜி இருந்தா வெக்கப்படாம நேரா கேளுங்க, 'இதுல இருக்கா'ன்னு மட்டும் இல்ல, 'அதே எண்ணெயில பொரிப்பீங்களா'ன்னும் கேளுங்க. தெரியலன்னு பதில் வந்தா அத இருக்குன்னே எடுத்துக்கோங்க.

குரூப்பா போனா நான் கம்மியா சாப்பிட்டாலும் பில்ல சமமா பிரிக்கிறாங்க.

ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி சொல்லுங்க, 'எனக்குத் தனி பில்'னு. பில்லு வந்தப்புறம் சொன்னா நீங்க கஞ்சன், முன்னாடி சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ரூம்மேட்டோட சேந்து சமைக்கிறது சரிப்பட்டு வருமா?

வரும், ஆனா எல்லாத்தையும் பொதுவாக்காதீங்க. எண்ணெய், உப்பு, வெங்காயம், அரிசி பொது, பால், சீஸ், பழம் அவங்கவங்களுது. சமைச்சவன் கழுவ வேணாம்ங்கிற ஒரே ரூல் போட்டுக்கோங்க. நாங்க முறை வெச்சு சார்ட்டெல்லாம் ஒட்டினோம், மூணு வாரத்துல ஒருத்தன் அவன் முறை வரும்போதெல்லாம் முட்டை மட்டும் அவிச்சு வெச்சுட்டு கடமை முடிஞ்சுதுன்னுட்டான், அப்புறம் சார்ட்ட கிழிச்சுட்டு ஞாயித்துக்கிழமை வதக்கல மட்டும் சேந்து செய்ய ஆரம்பிச்சோம், அதுதான் நெலைச்சுது.

வாணலியில எண்ணெய் தீப்பிடிச்சா?

அடுப்ப அணைங்க, மூடிய பக்கவாட்டுலேர்ந்து தள்ளி மூடுங்க, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க. தண்ணி ஊத்தவே கூடாது, எண்ணெய்க்குக் கீழ இறங்கி ஒரே நொடியில ஆவியாகி எரியிற எண்ணெய மேல தூக்கி அடிக்கும். வாணலிய தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. கைமீறிப் போச்சுன்னா கதவ சாத்திட்டு வெளிய வந்து ஃபயர் சர்வீஸ கூப்பிடுங்க.

அம்மாகிட்ட ரெசிபி கேட்டா 'எல்லாம் கண்ணளவுதான்'னு சொல்றாங்க.

எங்க அம்மாவும் அதேதான். எவ்ளோ போடணும்னு கேக்காம, எப்படி இருக்கும்போது நிறுத்தணும்னு கேளுங்க, அப்ப அவங்களுக்கே பதில் வரும், 'ஓரத்துல எண்ணெய் பிரியும்', 'கரண்டிய எடுத்தா ஒட்டாம விழும்', 'பச்ச வாசனை போயிடும்'னு. வீடியோ கால் போட்டு அவங்க கைய மட்டும் பாருங்க, அவங்க கைப்பிடி எத்தனை ஸ்பூன்னு அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அளந்து எழுதிட்டு வாங்க. எங்க அம்மா ஒரு சிட்டிகைன்னு சொன்னது அளந்தா அரை ஸ்பூன் இருந்துச்சு.

அடி கருகின பாத்திரத்த எப்படி தேய்க்கிறது?

தேய்க்காதீங்க. தண்ணி ஊத்தி ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு ராத்திரி அப்படியே விட்டுடுங்க, காலையில மரக்கரண்டியால தள்ளினா உரிஞ்சு வந்துடும். அலுமினியப் பாத்திரத்துல மட்டும் சோடா வேணாம், கறுத்துப் போகும்.